மூளையில் சிப் வைத்தால் பார்வை வருமா? அதுவரை தம்பி காத்திருக்கலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மூளையில் சிப் வைத்து மின்சாரம் கொடுத்தால் பார்வை இழந்தவருக்குப் பார்வை திரும்புமா, பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள்கூடப் பார்க்கலாம் என்று செய்தியில் வருகிறதே அது நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். 19 வயதில் விபத்தில் இரண்டு கண்களையும் இழந்த உங்கள் தம்பி, "சிப் வரட்டும், அதுவரை பிரெய்ல், வெள்ளைக்கோல் எல்லாம் எதுக்கு" என்று சொல்லி இரண்டு வருடமாக எதையும் கற்றுக்கொள்ள மறுக்கிறார் என்று. பிரெய்ல் படித்தால் மூளையின் பார்வைப் பகுதியைத் தொடு உணர்வு பிடித்துக்கொள்ளும், அப்புறம் சிப் வைத்தாலும் பயன் இருக்காது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள் என்றும். நீங்கள் உண்மையில் கேட்பது இந்தக் கடைசி விஷயத்தைத்தான் என்று நினைக்கிறேன். அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதல் கேள்வியைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் கண் மருத்துவர் இல்லை. நரம்பு மின்னியல் சோதனைகள் செய்பவன். தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை என்ன பேசுகிறது என்று கேட்பது என் அன்றாட வேலை. மூளைக்குள் மின்சாரம் அனுப்பும் வேலையை, வலிப்பு நோய்க்கான அறுவைக்கு முன் மூளையை வரைபடம் எடுக்கும் சமயங்களில் மட்டும் செய்திருக்கிறேன். பார்வைக்கான சிப்பை யாருக்கும் பொருத்தும் குழுவில் நான் இருந்ததில்லை. அதைப் பற்றி நான் சொல்வது வெளிவந்த ஆய்வுகளைப் படித்ததிலிருந்து.

கண் இல்லாமல் மூளையால் ஒளியை "பார்க்க" முடியுமா? முடியும். இதில் சந்தேகமே இல்லை. தலையில் பலமாக அடிபட்டால் "கண்ணில் பொறி பறந்தது" என்கிறோமே, அந்தப் பொறி வெளியே எங்கும் இல்லை, நம் நரம்புக்குள்தான் இருக்கிறது. மூடிய கண்ணை விரலால் அழுத்தினாலும் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். ஒளி வந்து தட்டினாலும் சரி, அழுத்தமோ மின்சாரமோ தட்டினாலும் சரி, பார்வைப் பாதையில் உள்ள நரம்புக்குத் தெரிந்த ஒரே மொழி வெளிச்சம். 1755லேயே சார்ல் லெ ருவா என்ற பிரெஞ்சுக்காரர் பார்வையற்ற ஒருவரின் தலையைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்ச, அவருக்கு ஒளி தெரிந்திருக்கிறது. 1929ல் ஜெர்மனியின் ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டர், அறுவையின்போது மூளையின் பின்பகுதியை மின்சாரத்தால் தொட்டால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒளிப்புள்ளி தெரிகிறது என்றும், தொடும் இடம் மாறினால் புள்ளி தெரியும் இடமும் மாறுகிறது என்றும் பதிவு செய்தார். இந்தப் புள்ளிக்கு ஆங்கில நூல்களில் பாஸ்பீன் என்று பெயர். நான் ஒளிப்பொறி என்றே எழுதுகிறேன்.

உங்கள் தம்பி விஷயத்தில் ஏன் மூளை வரை போக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணில் இருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் மட்டும் பழுதாகி, மற்ற அடுக்குகளும் நரம்பும் நன்றாக இருந்தால் விழித்திரையிலேயே சிப் வைக்கலாம். 2025ல் வெளியான பிரிமா சிப் ஆய்வு அப்படிப்பட்டது. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகும் மாக்குலா சிதைவுக்காக, 2 மில்லிமீட்டர் சதுரத்தில் 378 பிக்ஸல் உள்ள சிப்பை வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பரிசோதிக்க முடிந்த 32 பேரில் 26 பேருக்கு எழுத்து வாசிப்பதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் கண்களே போய்விட்ட தம்பிக்கு அதனால் பயன் இல்லை. மரபணு சிகிச்சை, கண்ணில் ஒளியுணர் புரதம் செலுத்துவது பற்றியெல்லாம் செய்தி வந்தாலும் அதே கதைதான். இடையில் உள்ள வழி முழுதும் அடைபட்டிருப்பதால், தலையின் பின்பக்கத்தில் இருக்கும் பார்வைப் புறணியில், அதாவது பார்வையைக் கையாளும் மூளையின் மேலடுக்கில், நேரடியாகத் தட்டுவதுதான் அவருக்கு மிச்சமிருக்கும் முக்கியமான வழி.

அங்கே தட்டினால் என்ன தெரியும்? நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கடும் வலிப்பு நோய் உள்ள ஓர் இளம்பெண். பார்வை நன்றாக இருப்பவர். வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிக்க மூளையின் மேற்பரப்பில் மின்முனைத் தாள் வைத்து, சில நாள் வார்டில் வைத்திருந்தார்கள். எந்த இடத்தை வெட்டக்கூடாது என்று தெரிந்துகொள்ள மின்முனைகளை இரண்டிரண்டாக, ஒவ்வொரு இணையாக மின்சாரம் கொடுத்துப் பார்ப்போம். எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புக் குண்டூசியைக் குத்தி, அதையே பார்க்கச் சொன்னோம். முதல் சில இணைகளில் "ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு வலது பக்கப் பின்மூளையில் ஓர் இணையைத் தட்டியதும், "இடது பக்கம், கீழ... சின்னதா. வெல்டிங் வைக்கறப்ப தெறிக்குமே, அதுல ஒண்ணு மாதிரி" என்றார். மின்சாரத்தை நிறுத்தியதும் போய்விட்டது. மறுபடி கொடுத்தோம், அதே இடத்தில் வந்தது. இப்போது குண்டூசியை விட்டுவிட்டு ஜன்னலைப் பாருங்கள் என்று சொல்லி மறுபடி கொடுத்தோம். அவர் சிரித்துவிட்டார். "அதுவும் கூடவே வருது" என்றார். கண் எங்கே திரும்பினாலும் அந்தப் பொறி பார்வையின் அதே இடது கீழ் மூலையில் ஒட்டிக்கொண்டு கூடவே போகும். மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டினோம். புள்ளி தெளிவாகும் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி ஆகவில்லை, பெரிதாகிக் கலங்கிப்போனது. அடுத்த படிக்குப் போகும்போது திரையில் மூளையின் மின் அலை தானாகத் துடிக்க ஆரம்பித்தது. உடனே நிறுத்தினோம். தட்டுவதை நிறுத்திய பிறகும் மூளை தொடர்ந்து துடித்தால் அது வலிப்பின் வாசல்படி. மருந்து ஏற்றிய ஊசியைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டுதான் இந்த வேலையே செய்வோம்.

இந்தத் துறையின் முக்கால்வாசிச் சிக்கல்கள் அந்தப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டன. புள்ளி கண்ணோடு நகர்கிறது, மின்சாரத்தைக் கூட்டினால் தெளிவு கூடவில்லை, வலிப்பு ஆபத்து இருக்கிறது.

பார்வை இழந்தவருக்கு இதை முறையாகச் செய்து பார்த்த முதல் குழு கேம்பிரிட்ஜின் ஜைல்ஸ் பிரிண்ட்லியும் வால்போல் லூயினும். 1968ல் எழுதினார்கள். 52 வயது செவிலியர் ஒருவரின் மூளையின் மேற்பரப்பில் 80 மின்முனைகள் வைத்து, மண்டையோட்டுக்கு வெளியே ரேடியோ அலை வழியாகத் தட்டினார்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தது, கையை நீட்டிப் பிடித்தால் ஒரு ஜவ்வரிசி எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிய வெள்ளைப் புள்ளி. வானத்து நட்சத்திரம் மாதிரி என்றும் சொல்லியிருக்கிறார். கண்ணை அசைத்தால் அவருடைய புள்ளிகளும் கூடவே நகர்ந்தன. அதற்குப் பிறகு மின்முனை, கணினி, அறுவை முறை எல்லாம் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் ஒரு மின்முனையைத் தட்டினால் தெரிவது இன்றும் ஏறக்குறைய அதே ஜவ்வரிசிதான்.

இங்கேதான் எல்லாரும் ஒரு தவறான கணக்குப் போடுகிறார்கள். ஒரு மின்முனை ஒரு புள்ளி என்றால் ஆயிரம் மின்முனை ஆயிரம் புள்ளி, லட்சம் வைத்தால் தொலைக்காட்சிப் படம் என்று. பார்வைப் புறணி ஒரு திரை, அதில் பல்புகளைப் பொருத்தினால் போதும் என்ற எண்ணம். மூளை அப்படி வேலை செய்வதில்லை. அங்கே உள்ள செல்களுக்குப் புள்ளி மேல் பெரிய ஆர்வம் கிடையாது. ஒன்று சாய்ந்த கோட்டுக்குத் துடிக்கும், இன்னொன்று படுக்கைக் கோட்டுக்கு, மற்றொன்று இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாறும் விளிம்புக்கு. இதைக் கண்டுபிடித்த ஹூபெல், வீசல் இருவருக்கும் 1981ல் நோபல் பரிசு கிடைத்தது. மிக மெல்லிய மின்முனைகூட ஒன்றுக்கொன்று வேறான வேலை செய்யும் ஏராளமான செல்களை ஒரே நேரத்தில் எழுப்பிவிடுகிறது. ஆர்மோனியத்தில் முழங்கையை ஊன்றினால் சத்தம் வரும், ராகம் வராது. அது போலத்தான்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அயோனி ஃபைன், ஜெஃப்ரி பாய்ன்டன் இருவரும் 2024ல் இதைக் கணினியில் போட்டுக் காட்டினார்கள். ஒரு பூனை படத்தை 45,000 பிக்ஸலில் காட்டினால் பளிச்சென்று பூனை தெரிகிறது. அதே எண்ணிக்கை மின்முனைகளைப் பார்வைப் புறணியில் வைத்தால் ஒருவருக்கு எப்படித் தெரியும் என்று கணக்கிட்டால் பூனை கலங்கி, அது பூனை என்றே சொல்வது கடினமாகிவிடுகிறது. இது கணினி மாதிரிதான், ஆள் மேல் செய்த சோதனை இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் நான் வார்டில் பார்த்ததோடு ஒத்துப்போகிறது என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

செவிக்குள் வைக்கும் காக்ளியர் கருவி இருபத்துச் சொச்சம் மின்முனைகளோடு பேச்சையே கேட்க வைக்கிறதே, கண்ணுக்கு மட்டும் ஏன் முடியாது என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. காதில் சுருதிவாரியாக நரம்புகள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன, மூளை வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே அந்த இடத்தில் தட்டுகிறோம். பேச்சு என்பதும் கொஞ்சம் தகவல் கிடைத்தாலே மீதியை ஊகித்துக்கொள்ளக்கூடிய சங்கதி. பார்வையில் அந்தச் சலுகை கிடையாது. பார்வைப் புறணிக்கு வந்து சேரும்போது படம் ஏற்கெனவே பாதி அலசப்பட்டிருக்கும். அதற்கு மேல், அந்தப் புறணியின் பெரும்பகுதி இரண்டு அரைக்கோளங்களுக்கும் நடுவே ஓர் ஆழமான மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. எளிதில் எட்டும் மேற்பரப்பில் கிடைப்பது பார்வையின் நடுப்பகுதியைச் சேர்ந்த கொஞ்சம் இடம்தான். அந்த வரைபடமும் ஆளுக்கு ஆள் வேறு. பொருத்திய பிறகு ஒவ்வொரு மின்முனையாகத் தட்டி, "எங்கே தெரிகிறது, கையால் காட்டுங்கள்" என்று கேட்டுக் கேட்டு மணிக்கணக்கில் குறித்துக்கொள்ள வேண்டும்.

மின்முனையை மேற்பரப்பில் வைக்காமல் ஊசி மாதிரி உள்ளே இறக்கினால் மின்சாரம் மிகக் குறைவாகப் போதும். மேற்பரப்புக்கு மில்லி ஆம்பியர் கணக்கில் தேவைப்படுவது, உள்ளே மைக்ரோ ஆம்பியரிலேயே முடிகிறது. 1996ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயால் 22 ஆண்டுகளாகப் பார்வையே இல்லாத 42 வயதுப் பெண்ணுக்கு 38 நுண்மின்முனைகள் வைத்தார்கள். அவற்றில் 34 ஒளிப்பொறி காட்டின. இந்த "22 ஆண்டு" என்ற எண்ணைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஸ்பெயினின் எல்சே நகரில் எதுவார்தோ ஃபெர்னாந்தெஸ் குழு 2021ல் வெளியிட்டது இன்னும் ஒரு படி மேலே. 16 ஆண்டுகளாகப் பார்வையற்றிருந்த, முன்பு அறிவியல் ஆசிரியையாக இருந்த ஒரு பெண்ணுக்கு 4 மில்லிமீட்டர் சதுரத்தில் 96 ஊசி மின்முனைகள். ஆறு மாதம் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். சில எழுத்துகளை அடையாளம் சொன்னார், பொருள்களின் விளிம்புகளைக் கண்டுபிடித்தார். முகம் தெரியவில்லை, புத்தகம் படிக்கவில்லை. எழுத்து தெரிந்ததே பெரிய சாதனை என்று சொல்கிற நிலையில்தான் இத்துறை இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் பீட்டர் ரூல்ஃப்செமா குழு 2020ல் குரங்குகளில் 1024 மின்முனைகள் வைத்து எழுத்து வடிவங்களைக் கண்டறிய வைத்தார்கள். சிகாகோவில் 2022ல் ஒருவருக்குக் கம்பியே வெளியே வராத 25 சிறு சில்லுகள், மொத்தம் 400 மின்முனைகள் வைத்தார்கள். இவையெல்லாம் ஆய்வுகள். மருத்துவமனையில் போய்க் கேட்டு வாங்கக்கூடிய சிகிச்சை இன்று உலகில் எங்கும் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு வேறொன்று. ஹூஸ்டனில் மைக்கேல் பூஷாம்ப், டேனியல் யோஷர் குழு 2020ல் செய்தது. ஒரு எழுத்துக்குத் தேவையான எல்லா மின்முனைகளையும் ஒரே நேரத்தில் தட்டினால் எழுத்து தெரியாது, புள்ளிகள் ஒன்றாகக் கலந்து ஏதோ மங்கலான ஒளித்திட்டு தெரியும். அதற்குப் பதிலாக, உள்ளங்கையில் விரலால் எழுதுவது போல மின்முனைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டி எழுத்தை "வரைந்தார்கள்". நீங்களே வீட்டில் செய்து பாருங்கள். தம்பியின் உள்ளங்கையில் "ப" வடிவத்தில் ஏழெட்டு விரல்நுனிகளை ஒரே சமயத்தில் வைத்து அழுத்தினால் என்ன எழுத்து என்று சொல்ல முடியாது. ஒரே விரலால் மெதுவாக எழுதினால் உடனே சொல்லிவிடுவார். மூளையிலும் அதேதான் நடந்தது. பார்வையற்ற ஒருவர் நிமிடத்துக்கு 86 வடிவங்கள் வரை சரியாகச் சொன்னார். மின்முனை எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, இருப்பதை வைத்து மூளையோடு அதன் மொழியில் பேசக் கற்றுக்கொள்வதுதான் முன்னேற்றம் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். இது என் கருத்து. மின்முனை எண்ணிக்கைதான் முக்கியம் என்று வாதிடும் நல்ல ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களும் பார்க்கலாம் என்ற செய்தி ஈலான் மஸ்க்கின் நியூராலிங்க் நிறுவனம் உருவாக்கும், மூளையில் வைக்கும் பிளைண்ட்சைட் கருவியைப் பற்றியது. 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு "திருப்புமுனைக் கருவி" என்ற தகுதியைக் கொடுத்தது. பல பத்திரிகைகள் இதை அனுமதி கிடைத்துவிட்டது என்று எழுதின. அது அனுமதி இல்லை, பலன் தருகிறது என்ற சான்றிதழும் இல்லை. பரிசீலனையை விரைவாகச் செய்ய உதவும் வரிசைச் சீட்டு, அவ்வளவுதான். பார்வைப் புறணி நன்றாக இருந்தால் பிறவியில் பார்வையில்லாதவருக்கும் வேலை செய்யும் என்று ஈலான் மஸ்க் சொன்னார். அதே மூச்சில், ஆரம்பத்தில் பழைய அட்டாரி வீடியோ கேமின் படம் மாதிரிதான் இருக்கும் என்றும் சொன்னார். இரண்டாவது பாதியைத் தலைப்பில் யாரும் போடவில்லை.

பிறவிப் பார்வையின்மை பற்றிய அந்த முதல் பாதியை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். பிறந்த சில ஆண்டுகளுக்குள் கண்ணிலிருந்து தகவல் வரவில்லை என்றால் பார்வைப் புறணி சும்மா இருப்பதில்லை, வேறு வேலைக்குப் போய்விடுகிறது. சிறுவயது முதல் பிரெய்ல் படித்தவர்களின் பின்மூளையைத் தலைக்கு வெளியிலிருந்து கொடுக்கும் காந்தத் துடிப்பால் குழப்பினால் வாசிப்பு தடுமாறும் என்று 1997ல் காட்டினார்கள். பிறவியிலேயே பார்வையில்லாத, பிரெய்லில் கைதேர்ந்த ஒரு பெண்மணிக்குப் பின்மூளையின் இரு பக்கமும் பக்கவாதம் தாக்கியதும் பிரெய்ல் வாசிக்கும் திறனே போய்விட்டது என்ற 2000ஆம் ஆண்டுப் பதிவு இன்னும் அழுத்தமானது. விரலில் தொட்டது தெரிந்தது, எழுத்துதான் புரியவில்லை. அப்படி மாறிப்போன புறணியில் தட்டினால் ஒளி தெரியுமா? சிறுவயதிலிருந்து பார்வையில்லாத பிரெய்ல் வாசிப்பாளர்கள் சிலரிடம் காந்தத் துடிப்பு கொடுத்துப் பார்த்தபோது, அவர்களுக்கு விரல்நுனியில் குறுகுறுப்பு தெரிந்ததாம். ஒளி இல்லை.

உங்கள் தம்பியைப் பயமுறுத்திய தகவல் இங்கேயிருந்துதான் கிளம்பியிருக்கும். அரை உண்மை, தவறான ஆளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தம்பி 19 வயது வரை நன்றாகப் பார்த்தவர். அவருடைய பார்வைப் புறணி கட்டி முடித்த வீடு. இப்போது பிடித்து வைக்கச் சொன்ன எண்ணுக்கு வருவோம். 22 ஆண்டு இருட்டுக்குப் பிறகும் அந்தப் பெண்ணின் புறணி ஒளி காட்டியது. எல்சே ஆசிரியைக்கு 16 ஆண்டு. வில்லியம் டொபெல் என்ற ஆய்வாளரின் தன்னார்வலர் ஒருவர் 36 வயதில் பார்வை இழந்தவர், 1978ல் பொருத்திய மின்முனைகள் இருபது ஆண்டுக்கு மேலாகியும் அவருக்கு ஒளிப்பொறி காட்டின. பெரியவராகிப் பார்வை இழந்தவர்களிடம், பல ஆண்டு கழித்தும் இந்தக் கதவு மூடுவதில்லை என்பது பல குழுக்கள் தனித்தனியாகப் பார்த்த விஷயம். தொடு உணர்வும் கொஞ்சம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், அதை மறுக்கவில்லை. அதனால் ஒளிப்பொறி தெரியாமல் போனது என்று, பெரியவராகிப் பார்வை இழந்தவர்களிடம் நடந்த எந்த ஆய்விலும் நான் படித்ததில்லை. விரலால் பிரெய்ல் படித்தால் எதிர்கால சிப் கெட்டுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

டொபெல் பெயரை எடுத்ததால் அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும். 2002ல் போர்ச்சுகலில் வைத்துப் பலருக்கு அவருடைய கருவியைப் பொருத்தினார்கள். அவர்கள் ஆய்வில் சேர்ந்தவர்கள் இல்லை, சொந்தப் பணத்தைப் பெருந்தொகையாகக் கட்டியவர்கள். ஒருவர் கார் நிறுத்துமிடத்தில் மெதுவாகக் கார் ஓட்டிக் காட்டினார், உலகமே பார்த்தது. 2004ல் டொபெல் இறந்தார். கருவியைப் பழுதுபார்க்கவோ சரிசெய்யவோ ஆள் இல்லாமல் போனது, தலைக்குள் மின்முனை மட்டும் மிஞ்சியது. இதே கதை விழித்திரைக் கருவியிலும் நடந்தது. ஆர்கஸ் 2 என்ற 60 மின்முனைக் கருவிக்கு அமெரிக்காவில் 2013ல் முறையான அனுமதி கிடைத்தது, உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். 2019ல் நிறுவனம் அதைக் கைவிட்டது. உதிரிப்பாகம் இல்லை, உதவி எண்ணில் ஆள் இல்லை. ஆகவே யாராவது எதிர்காலத்தில் தம்பியை அணுகினால், எவ்வளவு தெரியும் என்று கேட்பதற்கு முன்னால், கம்பெனி மூடிப்போனால் தலைக்குள் இருப்பதை யார் எடுப்பார்கள், யார் செலவில் என்று கேளுங்கள். முறையான ஆய்வில் சேர்பவரிடம் பணம் கேட்க மாட்டார்கள். கேட்டால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பணம் சேர்த்து வைக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கும் இதுதான் பதில்.

தலைக்கு மேல், கண்ணோரத்தில் பட்டை ஒட்டி மின்சாரம் கொடுத்துப் பார்வையை மீட்கும் கருவிகள் விற்கிறார்களே என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அதில் தெரியும் ஒளி பெரும்பாலும் விழித்திரையிலிருந்து வருவது. கொஞ்சம் பார்வை மிச்சமிருப்பவர்களுக்கு அது உதவுமா என்று சோதித்திருக்கிறார்கள், முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. கண்ணே இல்லாதவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

சரி, காத்திருக்கலாமா? நல்லபடியாக எல்லாம் நடந்து, தம்பிக்கு ஒருநாள் சிப் வைத்தாலும் அவருக்குக் கிடைக்கப்போவது என்ன என்று என் ஊகத்தைச் சொல்கிறேன். கதவு எங்கே இருக்கிறது, மேசையில் டம்ளர் எந்தப் பக்கம், எதிரே ஆள் நிற்கிறாரா என்பது மினுங்கும் புள்ளிகளாகத் தெரியலாம். தெருவில் அது வெள்ளைக்கோலின் இடத்தைப் பிடிக்காது, கோலுக்கு உதவியாகத்தான் இருக்கும். கண்ணைத் திருப்பினால் புள்ளியும் திரும்பும் என்பதால் தலையையும் கேமராவையும் சேர்த்துத் திருப்பிப் பழக மாதக்கணக்கில் பயிற்சி தேவைப்படும். ஏற்கெனவே ஒலியையும் தொடுதலையும் வைத்து இடத்தைக் கணக்கிடத் தெரிந்தவருக்கு அந்தப் பயிற்சி சுலபமாகும், இரண்டு வருடம் உட்கார்ந்தே இருந்தவருக்குக் கடினமாகும். இதை எண்களோடு நிரூபிக்க என்னிடம் ஆய்வு இல்லை, நோயாளிகளோடு பழகியதில் எனக்குத் தோன்றுவது.

இன்னொன்றையும் தம்பியிடம் படித்துக் காட்டுங்கள். மூளையில் மின்சாரம் பாய்ச்சிப் படிக்க வைத்த முதல் முயற்சிகளில் ஒன்று 1976ல் டொபெல் குழு வெளியிட்டது. 64 மின்முனைகளில் ஆறைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் ஆறு? அந்த ஆறு ஒளிப்பொறிகளையும் பிரெய்ல் எழுத்தின் ஆறு புள்ளிகளாக வைத்துக்கொண்டார்கள். தன்னார்வலர் நிமிடத்துக்கு 30 எழுத்து வேகத்தில் படித்தார். விரலால் பழகியவர்கள் நிமிடத்துக்கு நூறு சொற்களை ஒட்டிப் படிக்கிறார்கள். சிப் வரட்டும், பிரெய்ல் வேண்டாம் என்கிறார் தம்பி. சிப் வைத்துக்கொண்டு முதன்முதலில் படித்தவருக்கே பிரெய்ல் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

கடைசியாக ஒன்று. விபத்தில் தலையின் பின்பக்கமும் அடிபட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. பின்மூளைக்குச் சேதம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் அவருக்குப் பொருந்தாது. அப்போது எடுத்த எம்ஆர்ஐ அறிக்கை இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். அதில் பின்மண்டைப் பகுதி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.